சுத்தப் பட்டு என்று வந்த பாலியஸ்டர்: பழங்கால உடை தைப்பவர்கள் கவனத்திற்கு

பிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் உள்ள, அந்நகர ஆட்சியாளரின் மனைவி எலியோனோராவின் ஓவியத்தை, 1545-ஆம் ஆண்டளவில் புரோன்சினோ தீட்டினார். அதில் எலியோனோரா அணிந்திருக்கும் கவுனைத் தைக்க ஆசைப்பட்டு, "அதே நெசவு, சுத்தப் பட்டு" என்று விளம்பரம் செய்த இணைய விற்பனையாளர் ஒருவரிடம் மீட்டர் 4,800 ரூபாய் வீதம் 7 மீட்டர் வாங்கி ஏமாந்தேன்.

அந்த உடையில் வெண்பட்டுத் தளத்தின் மேல் கறுப்பு வெல்வெட் கொடிகள் ஓடுகின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பொன்னிழை துணியோடு படியாமல் சின்னச் சின்ன வளையங்களாக எழுந்து நிற்பது தெரியும். எனக்கு வந்ததிலோ மஞ்சள் நூல் தட்டையாகக் கிடந்தது. கறுப்புப் பகுதியை எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே வழவழப்பு. தனிப் பாவு நூலை (நீளவாட்டில் ஓடும் நூல்) வளையங்களாக எழுப்பி வெட்டி நெய்வதுதான் வெல்வெட் என்பதால், எதிர்த்திசையில் தடவும்போது அது விரலைத் தடுக்க வேண்டும்.

விற்பனைப் படத்திலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். சாட்டின் என்ற வழவழப்பான, பளபளக்கும் துணி மடிப்பின் முகட்டில் பளிச்சென்று ஒளிரும். வெல்வெட்டோ நம்மை நோக்கிய பரப்பில் இருண்டு, மடிப்பின் ஓரங்களில் வெளுக்கும். அவர்கள் காட்டிய கறுப்பு முகட்டில்தான் மின்னியது. மேலும், எலியோனோராவை இந்த உடையில்தான் அடக்கம் செய்தார்கள் என்ற பழைய கதையும் விளம்பரத்தில் இருந்தது. 1857-இல் கல்லறையைத் திறந்தபோது கிடைத்தது வேறொரு எளிய சாட்டின் உடை. அது இன்று பிளாரன்ஸின் பிட்டி அரண்மனையில் இருக்கிறது. அதைக்கூட அறியாதவரிடம் பணத்தைக் கொடுத்தது என் அவசரம்.

ஒரு சாண் வெட்டி நூலைப் பிரித்துக் கொளுத்தினேன். பட்டாக இருந்தால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகிச் சொட்டிக் கரிய மணியாக இறுகியது. கேட்டதற்கு, "சாட்டின் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்றார்கள். சாட்டின் என்பது நெசவின் பெயர், பட்டிலும் வரும், பாலியஸ்டரிலும் வரும் என்பதால் அந்தச் சொல்லில் ஒளிந்துகொண்டார்கள். "சுத்தப் பட்டு" என்ற வரி அதற்குள் விளம்பரத்திலிருந்து காணாமல் போயிருந்தது. கடைசியில், வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். ஆகவே சோதிப்பவர்கள் துணியை வெட்டாதீர்கள்; ஓரத்திலிருந்து பாவிலும் ஊடையிலும் (குறுக்கே ஓடும் நூல்) ஒவ்வொரு நூலை உருவினாலே போதும்.

விளம்பரத்தை நான் முன்பே படமெடுத்து வைத்திருந்ததால், அதை இணைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.