இருபது வருடம் கழித்தும் உறுத்தும் ஒரு சொல்: ‘இணையான’

அக்கா மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான். கணக்கு, இயற்பியல் இரண்டிலும் நல்ல மார்க். போன ஞாயிற்றுக்கிழமை போன் போட்டான். “மாமா, நேவில அக்னிவீர் எஸ்.எஸ்.ஆர். போடலாம்னு இருக்கேன். உங்கள மாதிரியே வயர்லெஸ், கம்ப்யூட்டர்னு தொழில் கத்துக்கிட்டு வந்துடலாம்ல?” என்றான். ப்ளஸ் டூ முடித்தவர்களைக் குறுகிய காலத்துக்குக் கடற்படை வீரராக எடுக்கும் திட்டம் அது. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாளாக மனதுக்குள்ளேயே பதில் சொல்லிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்ததால் எழுதிவிடுகிறேன்.

சம்பளம், பென்ஷன், கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. எங்கள் வேலூர்ப் பக்கத்தில் அது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கப்பலில் இருந்தாலும் எங்களுக்கு ஊரில் பெயர் ‘மிலிட்டரிக்காரர்’தான்.

நான் 2001-இல் இந்தியக் கடற்படையில் ஆர்ட்டிஃபிசர் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, 2021-இல் வெளியே வந்தவன். ரேடியோ பிரிவு. இந்த ‘ஆர்ட்டிஃபிசர்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கதை. வீட்டுக் கடனுக்குப் போனபோது படிவத்தைப் பார்த்த பெண் மரியாதையாகவே கேட்டாள்: “ஆர்ட்டிஸ்ட்டா சார்? என்ன மாதிரி படம் வரைவீங்க?” ஐ.டி.ஐ. பிரிவுகளுக்குத் தமிழில் ‘கம்மியர்’ என்று போடுவார்கள் பாருங்கள், அதுதான் நெருக்கமான சொல். கப்பலில் இருக்கும் கருவியைப் பழுது பார்க்கும் கம்மியர். ஆனால் வங்கியில் போய் கம்மியர் என்றால் இன்னும் குழப்பம்.

முதலில் ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்கா என்ற கடற்படைப் பயிற்சித் தளம். மொட்டை, ஓட்டம், நீச்சல், டிரில். எல்லாருக்கும் நடப்பதுதான், தாண்டிவிடுகிறேன். தொழில் தொடங்கியது குஜராத் ஜாம்நகரில், ஐ.என்.எஸ். வல்சுராவில். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத், அங்கிருந்து இன்னொரு ரயில். வல்சுரா 1942-இல் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) பள்ளியாகத் தொடங்கி, பிறகு மின்சாரமும் எலக்ட்ரானிக்ஸும் கற்றுத்தரும் இடமானது. பெயரை முதலில் கேட்டபோதே ‘வாள்சுறா’ என்றுதான் என் காதில் விழுந்தது. மொழி தெரியாத ஊரில் வாசல் பலகையிலேயே சொந்தக்காரன் ஒருவன் நின்றது போல இருந்தது.

மொழி என்றால், வகுப்பு பாதி ஆங்கிலம் பாதி இந்தி. முதல் இரண்டு மாதம் கையைப் பார்த்துத்தான் கற்றேன். இப்போது யோசித்தால் அதுவே நல்லதாகப் போயிற்று. சால்டரிங் எல்லாம் கையைப் பார்த்துக் கற்க வேண்டியதுதான்.

மாஸ்டர் சீஃப் என்ற மூத்த பதவியில் இருந்த ஒரு வயதானவர் சொல்லிக்கொடுத்தார். ஈயமும் வெள்ளீயமும் சரியான விகிதத்தில் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகும். அது உருகி இறுகுவதற்குள் கை லேசாக நடுங்கினால் போதும், பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். பார்வைக்கு ஒட்டியிருக்கும், மீட்டரும் ஒட்டியிருக்கிறது என்றே காட்டும். கப்பல் அலையில் ஆடும்போதுதான் விட்டுப்போகும். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, பிடிக்காத இணைப்பைக் கட்டர் வைத்து வெட்டிவிட்டு, ‘ஃபிர் சே’ என்பார். மறுபடியும். எனக்குத் தெரிந்த முதல் இந்தி அதுதான். ஒரே போர்டில் நாற்பது தடவை ‘ஃபிர் சே’ வாங்கியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், பழுதைத் தேடும் முறை. ஒரு ரேடியோ செட்டில் வேண்டுமென்றே ஒரு கோளாறை வைத்துக் கொடுப்பார்கள். நாங்கள் சின்னப் பையன்கள், தோன்றிய கார்டை, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை, கழற்றி மாற்றுவோம். நல்ல கார்டை மாற்றினால் மார்க் போகும். “சந்தேகப்பட்டாயா, நிரூபித்தாயா?” என்று கேட்பார். சிக்னல் பதினாறு கட்டங்களைக் கடந்து போகிறது என்று வையுங்கள். முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடக் கூடாது. எட்டாவதில் தொடு. அங்கே சிக்னல் நன்றாக இருந்தால் முதல் எட்டும் யோக்கியன். மீதி எட்டில் நடுவில் தொடு. நாலே தொடலில் ஆள் மாட்டிக்கொள்வான். காகிதத்தில் பார்த்தால் இது குழந்தைக் கணக்கு. அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு அதிகாரி நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது, கை நடுவுக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு வருடங்கள் ஆகும்.

எத்தனை வருடம் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஆறாவது வருடம். அரபிக்கடலில் ராத்திரி எச்.எஃப். செட், தொலைதூரம் பேசும் ரேடியோ, பேசவில்லை. டிரான்ஸ்மிட்டர் சக்தியைத் தள்ளுகிறது, அது ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வருகிறது. எனக்கு மூத்தவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நடுவில் வெட்டினேன்: டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் டம்மி லோடில் மாட்டினேன், நன்றாக வேலை செய்தது. ஆக, கோளாறு வெளியே. மேலே ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் ரேடாரும் டிரான்ஸ்மிட்டர்களும் அணைத்து, சாவிகளை வாங்கி, பிரிட்ஜில் அனுமதி பெற்ற பிறகுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும். யாராவது தெரியாமல் செட்டை ஆன் செய்தால் கம்பியைத் தொட்ட கை வெந்துவிடும். மேலே போய்ப் பார்த்தால் ஆன்டெனா அடியில் இருக்கும் பீங்கான் மேல் வெள்ளையாக உப்புப் படலம். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்தேன். அவ்வளவுதான். கீழே வந்ததும் செட் பேசியது. ஒரு ஸ்பேர் கூட மாற்றவில்லை. அன்றைக்கு நான் அப்ரெண்டிஸ் என்ற நிலையைத் தாண்டினேன் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. லாக் புத்தகத்தில் ஒன்றரை வரி.

கடைசிப் பத்து வருடம் ரேடியோவோடு நெட்வொர்க்கும் சேர்ந்துகொண்டது. கேபிள் நுனியில் எட்டு நிறங்களின் வரிசை, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் பழகியது. அங்கேயும் பாதிக் கோளாறு கனெக்டரில்தான்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

இவ்வளவுக்கும் என் கையில் ஒரு தாள் இருக்கிறது. நான் பெற்ற பயிற்சி டிப்ளமோவுக்கு ‘இணையானது’ என்று அது சொல்கிறது. அரசு வேலைக்குப் போனால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. நான் போனது சென்னையில் ஒரு தனியார் கம்பெனிக்கு. ஆன்லைன் படிவத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தை அழுத்தினால் பட்டியல் விரியும்: டிப்ளமோ, பி.இ., பி.எஸ்சி. ‘இணையான’ கிடையாது. ‘மற்றவை’ என்று போட்டேன். மூன்று நிமிடத்தில் நிராகரிப்பு மெயில் வந்தது. மனிதன் யாரும் படித்திருக்க முடியாது. இன்னொரு இடத்தில் நேரிலேயே கூப்பிட்டார்கள். எச்.ஆர். பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், இது டிப்ளமோவா, டிப்ளமோ மாதிரியா?” என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

நியாயமாகச் சொன்னால் என் தப்பும் உண்டு. வெளியே வருவதற்கு முன் மறுவாழ்வுப் பயிற்சி என்று கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. நான் சோம்பேறித்தனமாக, செக்யூரிட்டி மேற்பார்வைப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன், சுலபம் என்று யாரோ சொன்னதால். நெட்வொர்க்கிங் எடுத்திருக்கலாம். பிறகு கைக்காசு போட்டு சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு எழுதினேன். 300 டாலர், 120 நிமிடம். உள்ளே கேட்டதில் பாதிக்கு மேல் நான் கப்பலில் செய்ததுதான். அந்தத் தாள் வந்த பத்தாம் நாள் வேலை கிடைத்தது. இருபது வருடத்துக்குத் திறக்காத கதவு இரண்டு மணி நேரத்துக்குத் திறந்தது. சந்தோஷப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வேலை ஒரு டேட்டா சென்டரில். அங்கே பழுதைத் தேட மாட்டார்கள், பெட்டியையே மாற்றுவார்கள். சர்வர் கோபித்துக்கொண்டால் கார்டைக் கழற்று, புதியதை மாட்டு, பழையதைத் திருப்பி அனுப்பு. காரணம் என்ன என்று நான் கேட்டால் எனக்கு மேலே இருக்கும் இருபத்தாறு வயதுப் பையன், “அங்கிள், டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு” என்கிறான். டிக்கெட் என்றால் கம்ப்யூட்டரில் பதிவாகும் புகார். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வாடிக்கையாளருக்கு நேரம்தான் காசு. நடுக்கடலில் ஸ்பேர் கொண்டுவந்து கொடுக்க யாரும் இல்லை, அதனால் எங்களுக்கு அப்படிக் கற்றுத்தந்தார்கள். எனக்குப் புரிகிறது. பிடிக்கவில்லை.

பிடித்தது வேறு இடத்தில் நடந்தது. ஆடி மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். மைக் செட்காரர் மூன்று மைக் மாற்றிவிட்டார், ஆம்ப்ளிஃபயரையும் மாற்றப் போனார். நான் போய் மிக்சரிலிருந்து வரும் வயரை நடுவில் பிடுங்கச் சொன்னேன். இரைச்சல் நின்றது. திரும்ப மாட்டினால் வருகிறது. மிக்சருக்குக் கோயிலிலிருந்து கரண்ட், ஆம்ப்ளிஃபயருக்கு எதிர் வீட்டிலிருந்து கரண்ட். இரண்டு எர்த். அவை இரண்டுக்கும் நடுவே ஓடும் சின்ன மின்னோட்டம்தான் அந்த ராகம் பாடியது. இரண்டையும் ஒரே போர்டில் மாட்டச் சொன்னேன். ஐந்து நிமிடம். பூசாரி எனக்குத் தனியாக ஒரு சொம்பு கூழ் ஊற்றினார். அங்கே யாரும் தாள் கேட்கவில்லை.

சரி, பையனுக்கு என்ன சொல்வது? அக்னிவீர் என்றால் நாலு வருடம், அதிலேயே பயிற்சியும் அடக்கம். முதல் வருடம் மாதம் 30,000, அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்விடும். முடியும்போது பத்து லட்சத்துக்கு மேல் கைக்கு வரும். நிரந்தரமாக எடுத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம். ஒரு விஷயத்தில் இவர்கள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள்: பணியில் பெறும் பயிற்சியைப் பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் (மதிப்பெண் அலகில்) பாதியாகக் கணக்கில் கொண்டு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க 2022-இலேயே ஏற்பாடு அறிவித்தார்கள். பட்டியலில் இருக்கும் பட்டம். ‘இணையான’ தொல்லை இல்லை. ஆனால் எனக்குக் கை நடுவுக்குப் போனது ஆறாவது வருடம். இவன் நாலாவது வருடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். நாற்பது ‘ஃபிர் சே’ சொல்ல அங்கே யாருக்கு நேரம் இருக்கும்?

பயிற்சிக்கு ஐந்துக்கு நாலே முக்கால் போடுவேன். கால் மார்க்கை அந்த இந்திக்காகக் குறைக்கிறேன். இப்படி ஒரு பள்ளிக்கூடம் வேறு எங்கும் எனக்குக் கிடைத்திருக்காது. அதையெல்லாம் அவனிடம் அரை மணி நேரம் சொன்னேன். உப்புப் படலத்தைக் கூடச் சொன்னேன். பையன் கண் விரிந்து, “சூப்பர் மாமா, அப்போ அப்ளிகேஷன் போட்டுடவா?” என்றான். வேண்டாம் என்றேன்.

அக்காவுக்குக் கோபம். “நீ மட்டும் போகலாம், என் புள்ள போகக் கூடாதாடா?” அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. ப்ளஸ் டூ முடித்தவனைப் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ப்பார்கள், இரண்டே வருடத்தில் டிப்ளமோ, அதற்கப்புறமும் வயது இருக்கிறது, வேண்டுமானால் அப்போது போகட்டும் என்றேன். அன்றைக்கு ஆபீஸில் ஒரு டிக்கெட் சண்டை. அது நடக்காமல் இருந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நேற்று ராத்திரி பையனோடு உட்கார்ந்து ஹாஸ்டல் படிவம் நிரப்பினோம். அத்தான் குவைத்தில் இருப்பதால் உள்ளூர்க் காப்பாளர் நான். காப்பாளரின் கல்வித் தகுதி என்று கேட்டது. அழுத்தினேன், பட்டியல் விரிந்தது. பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிப்ளமோ என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.