ஒரு பக்கம் இன்ச், ஒரு பக்கம் சென்டிமீட்டர்: 5 மீட்டர் ஸ்டீல் டேப் பற்றி

வீடு கட்டுகிறீர்களோ, டைல்ஸ் மாற்றுகிறீர்களோ, ஒரு கப்போர்டு மட்டும் அடிக்கிறீர்களோ, முதலில் இரண்டு அளவும் போட்ட 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்றை உங்கள் கையோடு வாங்கி வையுங்கள். ஹார்டுவேர் கடையில் இருநூறு ரூபாய் சுமாருக்கே நல்லதாகக் கிடைக்கிறது. வெறும் இன்ச் டேப்போ வெறும் மில்லிமீட்டர் டேப்போ நம் ஊரில் பாதி வேலைக்குத்தான் ஆகும். மேஸ்திரி அறையை அடியில் சொல்வார், கம்பிக் கடையில் 8 மி.மீ., 12 மி.மீ. என்பார்கள், ஆசாரி பிளைவுட்டை 8க்கு 4 என்று அடியில் சொல்லிவிட்டு அதன் தடிமனை மட்டும் 18 மி.மீ. என்பார், அப்புறம் கதவு இடித்தால் "ஒரு நூல் எடுத்தா போதும் சார்" என்பார். 8 நூல் ஒரு இன்ச், அதாவது ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று மேல். 1956-லேயே மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் கட்டட வேலையில் இன்றும் இரண்டும் கலந்துதான் ஓடுகிறது.

இந்த டேப்பின் அருமை டைல்ஸ் வாங்கும்போது தெரியும். கடையில் "2க்கு 2 டைல்" என்று கொடுப்பார்கள், பெட்டியில் 600 x 600 மி.மீ. என்று போட்டிருக்கும். டேப்பை இழுத்து 60 சென்டிமீட்டருக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள், 24 இன்ச் இருக்காது, அதற்குச் சுமார் 3 நூல் முன்னாலேயே நிற்கும். 2 அடி என்றால் 609.6 மி.மீ. வர வேண்டும். ஒரு டைலில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 10 அடி அறையில் 5 டைல் கச்சிதமாக உட்காரும் என்று கணக்குப் போட்டால், சுவருக்குச் சுவர் 3048 மி.மீ., டைல் 3000 மி.மீ., டைல்களுக்கு நடுவில் இடைவெளி விட வைக்கும் ஸ்பேசருக்கு 2 மி.மீ. வீதம் நாலு இடத்தில் 8 மி.மீ. போக, ஓரத்தில் 4 சென்டிமீட்டர் பட்டை ஒன்று வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். வாசலுக்கு எதிரே அது வந்தால் வருஷக்கணக்கில் கண்ணை உறுத்தும். முன்கூட்டியே தெரிந்தால் அறையின் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரத்திலும் ஒரே அளவுத் துண்டு வருகிற மாதிரி போடச் சொல்லலாம். பெட்டிக் கணக்கும் இப்படித்தான்: 4 டைல் இருக்கும் பெட்டி 16 சதுர அடி இல்லை, 15.5தான். 1000 சதுர அடிக்கு 63 பெட்டி என்று வாங்கினால் 2 பெட்டி குறையும், வெட்டு சேதாரம் தனி. பிறகு போய்க் கேட்டால் அதே ஷேடு கிடைக்கும் என்று உறுதியில்லை.

அளவை மாற்றுவதில் சிக்கலே கிடையாது. 1959-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உள்ளிட்ட ஆறு நாடுகள் 1 இன்ச் என்றால் சரியாக 25.4 மி.மீ. என்று ஒத்துக்கொண்டுவிட்டன. தப்பெல்லாம் ஒரு அடியை 30 சென்டிமீட்டர் என்று முழுசாக்குவதில்தான் வருகிறது. அடிக்கு 4.8 மி.மீ. விட்டுப்போகும், மேலே 3048-க்கும் 3000-க்கும் நடுவில் இருந்த 48 மி.மீ. அப்படி வந்ததுதான். அதனால் ஒரு வேலையை மில்லிமீட்டரில் ஆரம்பித்தால் அதிலேயே முடியுங்கள், ஆசாரியிடம் சொல்லும்போது மட்டும் டேப்பைத் திருப்பிப் பார்த்து இன்ச்சில் சொல்லுங்கள்.

நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறது என்று சிலர் டேப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது ஆடத்தான் வேண்டும்! கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் நகரும்படிதான் ரிவெட் ஓட்டையை நீளமாக வைத்திருக்கிறார்கள். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டி அளந்தால் உள்ளே போகும், இரண்டிலும் அளவு சரியாக இருக்கும். ஆடாத கொக்கியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கும்போது டேப்பின் ஆரம்பத்தில் துல்லிய வகுப்பைக் காட்டும் ரோமன் எண் II இருக்கிறதா பாருங்கள். அந்த வகுப்பில் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரைதான் வித்தியாசம் வரலாம், வீட்டு வேலைக்கு அது தாராளம். சிவப்பில் அடி எண் தனியாகத் தெரிய வேண்டும், இன்ச் எண் 12-க்குப் பிறகு 13, 14 என்று தொடர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் திரும்ப 1-லிருந்து ஆரம்பிக்கிற டேப்பில் அவசரத்தில் எந்த அடியில் இருக்கிறோம் என்பதே குழம்பிவிடும். குறை என்று பார்த்தால், சிமெண்டு தூசி பட்டு முதல் ஒரு அடியில் எழுத்து சீக்கிரம் தேய்கிறது. துணியால் துடைத்துவிட்டு உள்ளே விட்டால் ஓரளவு தாங்கும்.

பைப்புக்கு இந்த டேப்பை நம்பாதீர்கள். 2 இன்ச் என்று விற்கிற விவசாய பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 63 மி.மீ., 4 இன்ச் என்பது 110 மி.மீ., எந்தக் கணக்கிலும் இது 25.4-ஆல் வராது, பைப் மேல் அச்சடித்ததைப் படித்துத்தான் வாங்க வேண்டும். மனை அளக்கவும் இது போதாது. 5 மீட்டர் என்பது 16 அடி 5 இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு, அறைக்குச் சரி, மனைக்கு விட்டு விட்டு அளந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தப்பு சேரும். அதற்கு 30 மீட்டர் டேப்பைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.