சுவரில் 246 வோல்ட்: என் வால்வு கிட்டார் ஆம்பின் பவர் சப்ளை, ஆறு வருஷத்துக்குப் பிறகு

2019 கடைசியில் கட்டிய ஆம்ப், அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி; டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடுவது. ஃபெண்டர் கம்பெனி 1950-களில் விற்ற சாம்ப் ஆம்பின் 5எஃப்1 சர்க்யூட்தான்: சிக்னலை முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, மாறி மாறி ஓடும் கரண்ட்டை ஒரே திசைக்குத் திருப்பும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3. மூன்றே வால்வு, சுமார் ஐந்து வாட். ஆடியோ பக்கத்தை ஒரு சனி ஞாயிறில் முடித்துவிட்டேன். அதில் இன்றுவரை கை வைக்க வேண்டி வரவில்லை. வால்வுகளுக்கு வேண்டிய வோல்ட்டைத் தரும் பவர் சப்ளையைத்தான் மூன்று தடவை பிரித்துக் கட்டினேன்.

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்தும் இதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. ஸ்டெபிலைசருக்குக் காயில் கட்டும் ஒரு அண்ணனிடம் போய், "250-0-250, அப்புறம் 6.3, அப்புறம் 5 வோல்ட்" என்று ஒப்பித்தேன். முதலாவது வால்வுகளின் உயர் வோல்ட்டுக்கு, அந்த நடு 0தான் சென்டர் டேப்; மற்ற இரண்டும் வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கு. "தம்பி, வோல்ட் சொல்லிட்டீங்க, கரண்ட் எவ்ளோன்னு சொல்லலையே. கம்பி கனமே அதுலதான் இருக்கு" என்றார். ஆம்ப் இழுப்பது 50 மில்லி ஆம்ப்தான். ஆனால் ரெக்டிஃபையருக்குப் பின்னால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் சீராகக் குடிப்பதில்லை, ஒவ்வொரு அலையின் உச்சியிலும் மடக் மடக்கென்று குடிக்கும். அதனால் 100 மில்லி ஆம்ப் கேட்டேன். ஹீட்டருக்கு 6வி6 0.45 ஆம்ப், 12ஏஎக்ஸ்7 0.3 ஆம்ப், 5ஒய்3க்குத் தனியாக 5 வோல்ட்டில் 2 ஆம்ப். எல்லாம் சரியாகச் சொன்னேன். "பிரைமரி?" என்று, சுவர்க் கரண்ட் ஏறும் பக்கத்தைக் கேட்டபோதுதான் யோசிக்காமல் "220 போட்டுடுங்கண்ணே" என்றேன். இரண்டு வருஷத் தலைவலி அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு மீட்டர் வைத்தால் 246 வோல்ட் காட்டும். 220க்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரில் 246 ஏறினால் 6.3 வோல்ட் ஹீட்டர் 7.0 ஆகிவிடுகிறது. ஹீட்டருக்குப் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. மேல் எல்லை 6.9. சரி, ஹீட்டர் ஒயர் இரண்டிலும் ஆளுக்கொரு 0.47 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். 0.75 ஆம்ப் ஓடும்போது இரண்டும் சேர்ந்து 0.7 வோல்ட்டைத் தின்னும். மீட்டரில் 6.3. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மே மாதம் வந்தது. ராத்திரி பத்து மணி, தெரு முழுக்க ஏசி ஓடுகிறது, சுவரில் 212. ஆம்ப் தூங்கி வழிகிறது. அளந்தால் ஹீட்டரில் 5.4 வோல்ட். காலைக்குப் போட்ட மருந்து ராத்திரிக்கு விஷம். கடைசியில் அதே அண்ணனிடம் போய் பிரைமரியில் 220, 230, 240 என்று மூன்று டேப் (சுவர் வோல்ட்டுக்கு ஏற்ப மாற்றி மாட்டும் முனை) எடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கினேன். 230 டேப்பில் இப்போது காலை 6.7, மே ராத்திரி 5.8, இரண்டும் எல்லைக்குள். ரெசிஸ்டர்களைக் கழற்றிப் போட்டாயிற்று. வீட்டில் ஒரு வால்வு ஆம்ப் கட்டப் போகிறவர்கள் சர்க்யூட் படத்தைப் பிரிண்ட் எடுக்கும் முன், ஒரு வாரம் காலையும் ராத்திரியும் பிளக் பாயிண்ட்டை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டிசைன் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது ஹம், ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் "ம்ம்ம்" இரைச்சல். இதற்கு நான் வைத்திருக்கும் முதல் கருவி கிட்டார்தான். தடித்த ஈ கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் கேட்கும் ஹம் ஏறக்குறைய அதே சுருதி என்றால் அது 100 ஹெர்ட்ஸ், சுவரின் 50 ஹெர்ட்ஸ் இரட்டித்து ரெக்டிஃபையருக்கு அப்புறம் வரும் விவகாரம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50. ஹீட்டர் ஒயரையோ, டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தையோ சந்தேகப்படலாம். என் ஆம்பில் கேட்டது இரண்டும் இல்லை, அதே 100 ஹெர்ட்ஸின் மேல் கூர்மையாக ஒரு "ஸ்ஸ்ர்ர்". வால்யூமைக் குறைத்தாலும் போகவில்லை. கெபாசிட்டரை மாற்றினேன், பெரிதாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: டிரான்ஸ்பார்மரின் சென்டர் டேப்பை சேஸியின் (ஆம்பின் தகரச் சட்டம்) ஒரு மூலையில் போல்ட்டில் முடுக்கியிருக்கிறேன், முதல் கெபாசிட்டரின் மைனஸ் இன்னொரு மூலையில். நடுவில் இன்புட் ஜாக்கின் எர்த். கெபாசிட்டர் மடக் மடக்கென்று குடிக்கும் கரண்ட் முழுக்க அந்தத் தகரத்தின் வழியாக, இன்புட்டை உரசிக்கொண்டுதான் திரும்பிப் போகிறது. ஒரு சாண் ஒயர் எடுத்து சென்டர் டேப்பை நேராகக் கெபாசிட்டரின் மைனஸிலேயே சால்டர் பண்ணி, அங்கிருந்து ஒரே இடத்தில் சேஸிக்கு இறக்கினேன். ஆன் செய்தால் சத்தமே இல்லை. ஆம்ப் செத்துவிட்டதோ என்று பயந்து ஒரு கார்டு வாசித்துப் பார்த்தேன்.

முதல் கெபாசிட்டர் பெரிதாக இருந்தால் நல்லது என்று 47 மைக்ரோ ஃபாரட் போட்டிருந்தேன். 5ஒய்3க்கு அந்த இடத்தில் 20 அளவுதான் தாங்கும். முதல் வால்வு ஒரு வருஷம்கூட உழைக்காததற்குக் காரணம் நான்தான். இப்போது 16, அடுத்து ஒரு 10 ஹென்றி சோக் (கரண்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் கம்பிச் சுருள்), அதன் பிறகு 32. 6வி6க்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு சோக்கைத் தாண்டித்தான் சப்ளை. அசல் சாம்பில் சோக் கிடையாது. ஆனால் ஒற்றை 6வி6 என்பதால், இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்புல் ஆம்பில்போல ரிப்பிள் (சப்ளையில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வழியில்லை. 100 ஹெர்ட்ஸில் அந்தச் சோக் 6,280 ஓம், கெபாசிட்டர் 50 ஓம். ரிப்பிள் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

5ஒய்3க்குப் பதில் 1என்4007 டையோடு போட்டும் பார்த்தேன், பழைய டிரான்ஸ்பார்மரில். 340 வோல்ட் 385 ஆனது. 6வி6 தகட்டில் 15 வாட் எரிகிறது, அதன் அளவோ 12. கழற்றிவிட்டேன். வால்வு ரெக்டிஃபையர் போட்டால், அடித்து வாசிக்கும்போது சப்ளை "தொய்ந்து", அதாவது வோல்ட் இறங்கி, இனிமை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஆம்ப் கிளாஸ் ஏ. மெதுவாக வாசித்தாலும் அடித்து வாசித்தாலும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுதான். தொய்வதற்கு என்ன இருக்கிறது? எனக்குக் கேட்ட வித்தியாசம் வோல்ட் குறைந்ததால் வந்தது. மே மாத ராத்திரியில் ஆம்ப் கொஞ்சம் குழைந்து பேசுவதும் அதே காரணத்தால்தான்; அதை நான் ரசிக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஒருநாள் 6வி6, 12ஏஎக்ஸ்7 இரண்டையும் கழற்றிவிட்டு வோல்ட் பார்த்தேன். அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டீ குடித்து வந்து ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டேன். படார். வால்வு இல்லையென்றால் கெபாசிட்டரில் நிற்கும் கரண்ட் இறங்க வழியே கிடையாது. அந்த ஸ்க்ரூ டிரைவர் நுனியில் எறும்பு கடித்ததுபோல் ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. அன்று சாயங்காலமே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கெபாசிட்டர் குறுக்கே போட்டேன். ஒன்றரை நிமிஷத்தில் காலியாகிவிடும். இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை, அதுவும் ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டுதான்.

நாலாம் வருஷம் ஹம் திரும்பி வந்தது, சுத்தமான 100 ஹெர்ட்ஸ். 5ஒய்3க்கு ஒட்டி நிறுத்தியிருந்த முதல் கெபாசிட்டர் சூட்டில் காய்ந்துவிட்டது. 105 டிகிரி ரகம் வாங்கி, மூன்று அங்குலம் தள்ளிப் போட்டேன். அதற்கப்புறம் திறக்கவில்லை.

இன்னும் தீராதது இன்வெர்ட்டர். எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஸ்கொயர் வேவ், சதுர அலை ரகம். அதில் ஹீட்டர் ஒழுங்காக எரியும், ஆனால் அலைக்கு உச்சி இல்லாததால் கெபாசிட்டர் உச்சிக்கு ஏறாது. 320 இருக்க வேண்டிய இடத்தில் 230 சொச்சம்தான், கூடவே காதைத் துளைக்கும் ரீங்காரம். சைன் வேவ் வாங்கலாம் என்றால், ஆம்புக்காக இன்வெர்ட்டர் மாற்றுவதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.