எல்லா இலைக்கும் ஒரே மரியாதை: தக்கலை அருகே ஒரு சாப்பாட்டுக் கடை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து குழித்துறைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, ஓட்டுக்கூரையும் நீளத் திண்ணையும் கொண்ட பழைய வீடொன்றில் இந்தச் சாப்பாட்டுக் கடை நடக்கிறது. இப்போது வரும் கூட்டத்துக்கே இடம் போதவில்லை என்பதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டார். அந்த விருப்பத்தை மதித்துப் பெயரை விட்டுவிடுகிறேன். உணவைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும், இந்தக் கடை என் மனத்தில் நிற்பது அங்கே மனிதர்கள் நடத்தப்படும் விதத்தால்தான் என்பதால், அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சாப்பாடு. சிவப்புச் சம்பா அரிசிச் சோறு. இலையின் மேற்புறத்தில் அவியல், பயற்றங்காய்த் துவரன், இஞ்சிக்கறி, ஊறுகாய். பருப்பும் பப்படமும் முதலில் வர, சாம்பாரும் புளிசேரியும் ரசமும் மோரும் வரிசை தவறாமல் தொடர்கின்றன. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது என்பதை இலையைப் பார்த்தாலே அறியலாம். அன்றன்று கரைக்கு வரும் மீனைப் பொறுத்துச் சாளையோ அயிலையோ புளிமுளமாக வருகிறது. புளிப்பும் உறைப்பும் மீனோடு ஒட்டி நிற்கும் இந்தப் பக்குவத்தை இவ்வளவு நன்றாகச் செய்யும் கடைகள் நெடுஞ்சாலையோரத்தில் குறைவு. சோறு வேண்டாதவர்களுக்கு மசித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கும் மீன்கறியும் உண்டு. புளிசேரி மட்டும் சில நாள்களில் வாய் கூசும் அளவுக்குப் புளித்துவிடுகிறது.

இனி மரியாதைக்கு வருகிறேன். நம் ஊர்க் கடைகளில் மரியாதை பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்து அளக்கப்பட்டுவிடுகிறது. காரிலிருந்து இறங்குபவருக்கு ‘வாங்க சார், இரிங்க’ என்ற வரவேற்பு. சிமென்ட் படிந்த கையோடு வருபவருக்கு ‘என்ன வேணும்?’ என்ற கேள்வி. ‘நீ’ என்று வெளிப்படையாகச் சொன்னால் சண்டை வரும் என்று தெரிந்தவர்கள், ‘நீங்கள்’ என்று சொல்லவும் மனம் வராதபோது, ‘சாப்பாடா, கிழங்கா?’ என்று எழுவாயே இல்லாமல் பேசிச் சமாளித்துவிடுகிறார்கள். எதிரே இருப்பவரை மனிதராகக் குறிக்கும் சொல்லை மட்டும் கவனமாக விழுங்கிவிடும் இந்தப் பேச்சு, நேரடியான வசவைவிட ஆழமாகக் காயப்படுத்துகிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதை எதிர்த்துக் கேட்க ஒரு சொல்கூடக் கையில் கிடைப்பதில்லை.

இந்தக் கடையில் அந்த எழுவாய் ஒருபோதும் விழுங்கப்படுவதில்லை. கொளச்சல் மீனை வீடுவீடாக விற்றுவிட்டு, வெறும் பாத்திரத்தைத் திண்ணையில் இறக்கிவைக்கும் பெண்ணை ‘வாங்க அக்கா, உள்ளே காற்று வரும் இடத்தில் இரிங்க’ என்று அழைத்துக்கொண்டு போகிறார்கள். மீன் வாடையைக் காரணம் காட்டிச் சுவரோரத்து மேசைக்கு அனுப்புவதில்லை. வங்கி அதிகாரியும் கொத்தனாரும் அருகருகே அமர்ந்திருக்கையில், முதலில் அமர்ந்தவருக்கே முதலில் சோறு விழுகிறது. பரிமாறுபவர்களில் ஓர் இளைஞர், கட்டட வேலைக்காக வடக்கிலிருந்து வந்திருக்கும் தொழிலாளிகளிடம் ‘பைட்டோ’ என்று சொல்லாமல் ‘பைட்டியே’ என்று சொல்வதைக் கவனித்தேன். இந்தி அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்: முதலாவது சமமானவரிடமோ இளையவரிடமோ சொல்லும் ‘உட்கார்’, இரண்டாவது ‘உட்காருங்கள்’. அந்த மொழி எங்கே கற்றது என்று கேட்டதற்கு, சாப்பிட வருபவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். மாவட்டம் முழுவதும் இவர்களுடைய உழைப்பால் வீடுகள் எழுந்துகொண்டிருக்க, இவர்களை ‘அவன்’, ‘அவனுங்க’ என்றல்லாமல் குறிப்பிடும் வாய்கள் அரிதாக இருக்கும் இக்காலத்தில், அந்த இளைஞர் பெரிய காரியம் ஒன்றைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

கல்லாவில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் பேசும் விதத்தைவிட, தம்மிடம் வேலை செய்பவரிடம் பேசும் விதமே ஒரு கடையின் மரியாதையைக் காட்டும் சரியான அளவு. வாடிக்கையாளருக்குத் தரும் மரியாதையில் வியாபாரமும் கலந்திருக்கிறது. இலை எடுப்பவருக்குத் தரும் மரியாதையில் அப்படி எதுவும் கலப்பதற்கில்லை. இங்கே இலை எடுக்கும் முதியவரை எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்கிறார்கள். இளைய பையன்களை ‘மக்கா’ என்று அழைக்கும்போதும் குரலில் அதட்டல் இல்லை. நம் பக்கத்தில் ‘மக்கா’ என்பது அன்பாகவும் வரும், ஏவலாகவும் வரும் என்பதால், குரலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் பரிமாறும்போது சாம்பார் ஒருவருடைய வேட்டியில் சிந்திவிட, அவர் எழுந்து ‘டேய்’ என்று தொடங்கினார். நடத்துபவர் உடனே வந்து வேட்டிக்காக மன்னிப்புக் கேட்டார், சலவைக்குப் பணம் தர முன்வந்தார். அதே மூச்சில், பையனிடம் அப்படிப் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டையும் ஒரே பணிவோடு சொன்னார்.

மரியாதை என்பது இந்த மாவட்டத்தில் வெறும் பேச்சு நாகரிகமாக இருந்ததில்லை. உடம்பின் மேல் எழுதப்பட்ட சட்டமாக இருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லக் கூடாது என்றெல்லாம் தடைகள் இருந்தன. மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பில்தான் ஓரளவு பலன் கண்டது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வரம்பு அதிலும் இருந்தது. அதற்கு முன்பே சாமித்தோப்பில் அய்யாவழி என்ற வழிபாட்டு நெறியைத் தொடங்கிய வைகுண்டர் (1809–1851), தலையில் துணி கட்ட உரிமையற்றிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். எல்லோரும் ஒன்றாக நீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டச் செய்தார். சாதி பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்ணச் செய்தார். அவருடைய வழிபாட்டிடமான பதியில் ஆண்கள் இன்றும் தலைப்பாகையுடனேதான் வழிபடுகிறார்கள். ஒரே கிணறும் ஒரே பந்தியும் இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த ஊரில், சாப்பாட்டுக் கடை ஒன்றில் யார் எங்கே உட்காருகிறார், யாருக்கு எந்தச் சொல் கிடைக்கிறது என்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடையின் பின்கட்டில் குளிர்சாதன அறை ஒன்று இருக்கிறது. அங்கே சாப்பாட்டுக்கு 30 ரூபாய் அதிகம். ஒரே மரியாதை என்று சொல்லும் கடையில் இப்படி ஓர் அறை ஏன் என்று என்னுடன் வந்த நண்பர் கேட்டார். நான் அதைக் குறையாகக் கருதவில்லை. அந்த அறைக்கும் வெளிக்கூடத்துக்கும் ஒரே பானைச் சோறு, ஒரே மீன், ஒரே சொல். அதிகப் பணம் மின்சாரத்துக்கு. உள்ளே இருப்பவர்களைக் கவனிப்பதற்காக வெளியே இருப்பவர் காத்திருக்க நேர்ந்தால்தான் அது பிழையாகும். அப்படி நடந்து நான் பார்க்கவில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை அமைத்துத் தர வேண்டும். பரிமாறுபவர்களுக்குக் கூடத்தின் ஓரத்தில் பெஞ்சு போடப்பட்டிருக்கிறது; அவர்கள் அதில் உட்காருகிறார்கள், யாரும் முறைப்பதில்லை. ஆனால் அடுக்களையில் காய் நறுக்கியும் பாத்திரம் கழுவியும் நிற்கும் பெண்களுக்கு ஒரு முக்காலிகூட இல்லை. இடம் குறைவு என்ற விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை; முன்புறத்தில் இவ்வளவு கவனமாக இருப்பவர்கள், வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியாத பின்புறத்திலும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும். இதை நடத்துபவரிடமே சொன்னேன், மறுக்காமல் கேட்டுக்கொண்டார். கை கழுவும் இடத்துக்கு இறங்கும் படி உயரமாக இருப்பதும் முதியவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. ஒரு கைப்பிடி பொருத்தினால் யாருடைய தோளையும் பிடிக்காமல் அவர்களே இறங்கிக்கொள்வார்கள்; பிறர் உதவியை எதிர்பார்த்து நிற்க வைக்காமல் இருப்பதும் மரியாதையில் சேர்ந்ததே.

சாப்பாடு 90 ரூபாய். மீனின் விலை சந்தையைப் பொறுத்து மாறும், உட்காரும்போதே சொல்லிவிடுகிறார்கள். சோறு எத்தனை முறை கேட்டாலும் முகம் மாறாமல் வருகிறது. கார் நிறுத்த இடம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பகல் 12 மணிக்குத் தொடங்கும் பந்தி 3 மணிக்கு முடிந்ததும், வேலை செய்பவர்கள் கூடத்திலேயே இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் யார் வந்து கேட்டாலும் அவர்களை எழுப்பிப் பரிமாறச் சொல்வதில்லை என்பதால், தொலைவிலிருந்து வருபவர்கள் 2.30 மணிக்குள் வந்து சேர்வது நல்லது.