ஒரே வன்தட்டில் விண்டோஸும் லினக்ஸ் மின்டும்: ஐந்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2019 இறுதியில் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினி திரும்பி வந்தபோது அதில் டி டிரைவ் இல்லை. விண்டோஸ் திறக்காமல் நின்றுவிட்டதால்தான் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். சி டிரைவை மட்டும் அழித்துப் புதிதாகப் போடுங்கள், கோப்புகள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர்கள் தட்டின் பிரிவுகளான பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்து, முழு வன்தட்டையும் ஒரே சி டிரைவாக்கித் தந்துவிட்டார்கள். மூன்றாண்டுகளாக நான் மெய்ப்புத் திருத்திய நூல்களின் கோப்புகள் அதில் இருந்தன. டெஸ்ட்டிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருள் பழைய பார்ட்டிஷனின் எல்லையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆனால் அந்த இடத்தின்மேல் புதிதாக எழுதப்பட்டுவிட்ட கோப்புகள் மீளவே இல்லை.

"டி-யில் வைத்தால் பத்திரம்" என்று நம் ஊரில் கணினி கற்ற எல்லோருக்கும் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. விண்டோஸ் பழுதாகி, சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்யும்வரை அது உண்மை. ஆனால் சி, டி இரண்டும் ஒரே தட்டில் வரைந்த கோடுகள்தான். அந்தக் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. அட்டவணை அழிந்தால் கோடும் இல்லை. தட்டே பழுதானால் இரண்டும் சேர்ந்து போகும். அன்றே வெளிப்புற வன்தட்டு ஒன்று வாங்கினேன். இனி இந்த வேலையைப் பிறரிடம் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்தேன்.

2020 ஊரடங்கில் நேரம் கிடைத்தது. விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ் மின்ட்; அந்த ஜூனில் வெளியான அதன் 20-ஆம் பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகவும் பழைய தமிழ் எழுத்துருக்களுக்காகவும் விண்டோஸ் 10 எனக்குத் தேவை. அதனால் இரண்டும் இருக்க வேண்டும். 1 டிபி என்று விற்கப்பட்ட என் தட்டு விண்டோஸில் 931 ஜிபி என்றே தெரியும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுவதுதான் காரணம்; எதுவும் தொலையவில்லை.

மின்டுக்கும் டி-க்கும் இடம் விடச் சி டிரைவைச் சுருக்கப்போனால், பெரும்பகுதி காலியாக இருந்தும் பாதிக்குமேல் சுருங்க மறுத்தது. நகர்த்த முடியாத அமைப்புக் கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தன. உறக்க நிலைக்கான ஹைபர்னேஷனையும் நினைவகத்துக்குத் துணையான பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுதொடக்கம் செய்தபின் இறங்கி வந்தது. சி-க்கு 300, டி-க்கு 400, மின்டின் இயங்குதளம் இருக்கும் ரூட்டுக்கு 30, அதை அடுத்து என் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோமுக்கு மீதம் 200 ஜிபி என்று பிரித்தேன். தொடக்கத்தில் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யாமல் விட வேண்டும். விண்டோஸ் கிளம்புவதற்கான கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன.

முதல் வாரத்தில் இரண்டு தொல்லைகள். மின்டில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி மின்டில் ஒரு கட்டளை கொடுத்ததும் சரியாயிற்று. அடுத்தது, டி டிரைவில் எதையும் சேமிக்க மின்ட் மறுத்தது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி கணினியை முழுதாக அணைப்பதில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் பார்ட்டிஷனில் எழுதினால் கோப்பு கெடும் என்பதால் மின்ட் படிக்க மட்டும் விடுகிறது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு ரூட்டுக்குக் கொடுத்த 30 ஜிபி. ஓராண்டுக்குள் நிரம்பிவிட்டது. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப டைம்ஷிஃப்ட் என்ற செயலி எடுக்கும் மீட்புப் பிரதிகள் ரூட்டிலேயே சேரும். பிளாட்பேக் என்ற தொகுப்பு முறையில் நிறுவும் செயலிகளும் அங்கேயேதான் வந்து உட்காரும். ரூட்டைப் பெரிதாக்க வேண்டுமென்றால் வலப்பக்கம் ஒட்டியிருக்கும் ஹோமின் தொடக்கத்தைத் தள்ளி வைக்க வேண்டும். ஒரு பார்ட்டிஷனின் கடைசி எல்லையைச் சுருக்குவது சில நிமிட வேலை. தொடக்க எல்லையை நகர்த்துவது அப்படியில்லை. உள்ளே இருக்கும் அத்தனையும் எழுந்து அடுத்த இடத்துக்கு நடந்து போக வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் ரூட்டில் இதைச் செய்ய முடியாது என்பதால் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி பார்ட்டிஷன்களை மாற்றும் மென்பொருளான ஜிபார்ட்டட்டைத் திறந்தேன். அதற்கு முன் வெளிப்புறத் தட்டில் முழுப் பிரதி எடுத்தேன். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது, முடியும்போது மணி ஒன்றரை. நடுவில் ஒருமுறை மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் மின்கலம் தாங்கியது. மேசைக்கணினியில், யுபிஎஸ் இல்லாமல், இதை யாரும் தொட வேண்டாம். இப்போது கேட்பவர்களுக்கு ரூட்டுக்கு 60 ஜிபிக்குக் குறையாதீர்கள் என்கிறேன்.

ஹோமைத் தனியாக வைத்ததன் அருமை 2022-இல் தெரிந்தது. மின்ட் 21-ஐப் புதிதாக நிறுவும்போது, பார்ட்டிஷன்களை நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போய், ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்யச் சொன்னேன். ஹோமை அதே பெயரில் இணைத்து, அதன் எதிரே ஃபார்மட் கட்டம் காலியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பழைய பயனர் பெயரையே கொடுத்தேன். நிறுவி முடித்து உள்ளே நுழைந்தால், கோப்புகளும் ஃபயர்பாக்ஸின் புத்தகக்குறிகளும் விட்ட இடத்தில் அப்படியே இருந்தன. 2019-இல் அந்தக் கடைவாசலில் நின்றவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை எழுதிக் காட்ட முடியவில்லை. 2024-இல் மின்ட் 22-க்கும் இதே முறை. ஒரு குறை உண்டு: ஹோமில் மறைந்திருக்கும் பழைய அமைப்புக் கோப்புகளும் கூடவே வருவதால், இரண்டாம் முறை கீழ்ப்பட்டை குழம்பியது. மின்டின் சினமன் பணிமேடையை இயல்பு நிலைக்குத் திருப்பியதும் சரியாயிற்று.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என்னுடையது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி. விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை. அதனால் சி டிரைவை 120 ஜிபியாகச் சுருக்கி, இணையம் இல்லாமல் பக்க வடிவமைப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கிடைத்த 180 ஜிபியை ஹோமுக்குக் கொடுக்க ஆசைதான். ஆனால் இடையில் டி டிரைவும் ரூட்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் மீண்டும் நகர்த்த இந்தப் பழைய தட்டை நான் நம்பவில்லை. பழுதான செக்டர்கள் (தட்டின் சிறு பகுதிகள்) சில இருப்பதாக, தட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கை சொல்லத் தொடங்கிவிட்டது. எஸ்எஸ்டி ஒன்றுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை ஞாயிறுதோறும் வெளிப்புறத் தட்டில் பிரதி எடுக்கிறேன், டி டிரைவையும் சேர்த்து.