300 மி.மீ. கிளிப் கண்ணாடி: ட்ராக் டேக்கு எடுக்கலாமா?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உதிரிப்பாகக் கடைகளில் தொங்குமே, அந்த அகலக் கண்ணாடி பற்றியது இது. காருக்குள் பின்னால் பார்க்க இருக்கும் உள்கண்ணாடிக்கு மேல் கொழுவி விட்டால் போதும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். பெட்டியில் 240, 270, 300 என்று மில்லிமீற்றர் அளவு போட்டிருக்கும். சில பெட்டிகளில் 3000ஆர், 1000ஆர் என்று இன்னோர் இலக்கமும் இருக்கும். வாங்க வருபவர் முதல் இலக்கத்தைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுவார். ட்ராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளுக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. 300 மி.மீ., 3000ஆர், நிறமில்லாத கண்ணாடி என்றால் எடுக்கலாம். 1000ஆர் என்றால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஏனென்று விளங்க முதலில் விதி விளங்க வேண்டும். ட்ராக் டே பந்தயம் அல்ல. பிரித்தானியாவில் பெரும்பாலான ட்ராக் டேக்களில் சுற்றுக்கு நேரம் பிடிக்கவே விடமாட்டார்கள். வழக்கமாகப் புதியவர்களின் குழுவில் முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால் மட்டும். வளைவுக்குள்ளும் முந்தவிட்டால் அது பழகியவர்களின் குழுவில்தான், அங்கேயும் முன்னவரின் சம்மதம் வேண்டும். எந்தப் பக்கத்தால் முந்துவது என்பதைக் காலையில் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் சொல்வார்கள். அங்கே சொன்னதுதான் அன்றைய சட்டம். வேறிடத்தில் பழகியதெல்லாம் செல்லாது. ஆக, முந்துகிறவரை விட முந்தவிடுகிறவருக்குத்தான் வேலை கூட. அவர் பின்னால் பார்க்காவிட்டால் விதி முழுக்கப் படுத்துவிடும்.

எங்கள் வீதிப் பழக்கம் இதற்கு நேர் எதிர். ஏ9இல் பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்து, லைட்டை வெட்டி, "நான் வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடும். முன்னால் போகிறவர் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒதுங்குவார். மாங்குளத்தில் அது உயிரைக் காப்பாற்றும். ட்ராக்கில் அதுவே உயிரைக் கேட்கும். லைட்டை வெட்டுவது அங்கே அனுமதி ஆகாது, ஒதுங்குவது மரியாதையும் ஆகாது. முன்னால் போகிறவர் தன் பாதையிலேயே போக வேண்டும். சுற்றிப் போவது பின்னவரின் பொறுப்பு. ஒதுங்குகிறேன் என்று ஸ்ரியரிங்கை ஒடித்தால், பின்னவர் ஏற்கெனவே தெரிவுசெய்த பக்கத்துக்கே போய் நிற்பீர்கள். ஜேர்மனியில் இருக்கும் சொந்தங்கள் அனுப்பும் நூர்பர்க்ரிங் பந்தயத் தட வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கும் ஒரு சொல்: அங்கே மெதுவான கார் வலப்பக்கம், முந்துவது இடப்பக்கத்தால் மட்டும், சாரதி இருப்பதும் இடப்பக்கத்தில். அப்படியே இங்கே கொண்டு வந்தால் எல்லாம் பக்கம் மாறிப்போகும்.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். ஆர் என்பது வளைவின் ஆரை. 3000ஆர் என்றால் 3 மீற்றர் ஆரையுள்ள பெரிய உருண்டையில் வெட்டியெடுத்த துண்டு மாதிரி, கிட்டத்தட்டத் தட்டை. 1000ஆர் நன்றாகப் புடைத்தது. புடைப்புக் கூடக்கூட அகலமாகத் தெரியும், ஆனால் பின்னால் வரும் கார் தூரப் போய்விடும். கண்ணிலிருந்து கண்ணாடி 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். உண்மையில் 20 மீற்றர் பின்னால் நிற்கும் கார், தட்டைக் கண்ணாடிக்குப் பழகிய கண்ணுக்கு 3000ஆரில் 28 மீற்றரில் நிற்பதுபோலப் படும். 1000ஆரில் 44 மீற்றர். எட்டு மீற்றர் பிழை இரண்டு கார் நீளம். அதற்குக் கண் பழகிவிடும். இருபத்துநாலு மீற்றர் பிழையோடு கை காட்ட வெளிக்கிட்டால், "இன்னும் தூரத்தில்தானே" என்று நீங்கள் இருக்கும்போதே அவர் பின் பம்பரில் நிற்பார்.

அகலத்தால் வரும் லாபமும் விளம்பரத்தில் சொல்கிற அளவு இல்லை. 300 மி.மீ. தட்டைக் கண்ணாடி சுமார் 28 பாகை காட்டும், 3000ஆர் 40, 1000ஆர் 60க்குக் கொஞ்சம் மேல். ஆனால் சின்னக் கார்களில் பின் கண்ணாடி வழியாகத் தெரிவதே இருபது சொச்சம் பாகைதான். மிச்சமெல்லாம் சீற்றின் தலையணை, பின் தூண், பின் கதவின் யன்னல். அந்த யன்னல் தெரிவதில்தான் உண்மையான பயன்: முந்துகிற கார் பின் கண்ணாடியிலிருந்து மறைந்து பக்கக் கண்ணாடிக்கு வருவதற்கு இடையில் ஒரு கணம் அங்கே தலை காட்டும். அதற்கு 40 பாகை தாராளம். தூணுக்குப் பின்னால் இருப்பதை எந்த உள்கண்ணாடியும் காட்டாது. பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டு ஓடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெட்டியில் ஆர் இலக்கம் இல்லையா? கடைக்குப் போகும்போது பிள்ளையின் 30 செ.மீ. அடிமட்டத்தைக் கொண்டு போங்கள். கண்ணாடியின் நடுவில் தொடும்படி நீளப்பாட்டில் வைத்து, இரண்டு ஓரத்திலும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 300 மி.மீ. கண்ணாடியில் அது 4 மி.மீ. அளவில் இருந்தால் 3000ஆர். 11 மி.மீ. இருந்தால் 1000ஆர். பிறகு அடிமட்டத்தைக் குத்தெனப் பிடித்தும் பாருங்கள். சிலவற்றில் நீளப்பாட்டில் மட்டும்தான் வளைவு. பின்னால் வரும் கார் ஒடுங்கி, உயரமாகத் தெரியும். பழகலாம், ஆனால் தூரத்தை அகலத்தால் அளக்கிறவருக்கும் உயரத்தால் அளக்கிறவருக்கும் வேறுவேறு விடை வரும்.

பூட்டுவதில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். மேலும் கீழும் உள்ள ஸ்பிரிங் கொக்கிகள் வழுவழுப்பான பிளாஸ்டிக் சட்டத்தில் நிற்கா. வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் சூடு ஏற, கொக்கியின் றப்பர் இளகி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் வழுக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை 2 செ.மீ. அகலத்தில் வெட்டி நாலு கொக்கிக்கும் அடியில் வைத்தால் அசையாது. அதற்கு மேல், சட்டத்தையும் உள்கண்ணாடியையும் சேர்த்து இரண்டு கேபிள் டை போடுங்கள். இது அழகுக்கல்ல. காருக்குள் கழன்று விழக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்பது ட்ராக் டேயின் முதல் பரிசோதனை. ஒரு நல்ல பிரேக் பிடியில் கழன்ற கண்ணாடி பெடல்களுக்குள் போய் விழும்.

மற்றக் குறை பாரம். உள்கண்ணாடியின் உருண்டை மூட்டு தன் சொந்தக் கண்ணாடியைத் தாங்கத்தான் செய்தது. மேலதிகப் பாரம் ஏறினால், கரைக்கல்லில் ரயர் ஏறும்போது கண்ணாடி மெல்லக் குனிந்து பின் சீற்றைக் காட்டும். மூட்டில் திருகாணி இருந்தால் கால் சுற்று இறுக்குங்கள். இல்லாவிட்டால் 270க்கு இறங்குங்கள். பசை ஊற்ற வேண்டாம், பிறகு திருப்பவே முடியாது. முன் கண்ணாடியில் ஒட்டிய தாங்கி உள்ள பழைய கார்களில், ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

வெயில் தட்டியையும் மறக்க வேண்டாம். 300 மி.மீ. கண்ணாடி பல சின்னக் கார்களில் தட்டியை இறக்க விடாது. ட்ராக்கில் அது பிரச்சினையில்லை. ஆனால் காலையில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஓடுகிறவருக்கு முகத்துக்கு நேரே சூரியன். தட்டி இறங்காவிட்டால் கண் கூசும். ட்ராக் முடியக் கழற்றிவிடுவது நல்லது.

சரிசெய்வது ஹெல்மெட்டோடு. இதைப் பலர் விடுகிறார்கள். ஹெல்மெட் போட்டால் தலை முன்னுக்கு வரும், சிலருக்குச் சீற்றையும் இறக்க வேண்டி வரும். வெறுந்தலையில் வைத்த கோணம் அப்போது கூரையைக் காட்டும். சீற், பெல்ட், ஹெல்மெட், பிறகுதான் கண்ணாடி.

இன்னொரு சின்ன வேலை. ஆளில்லாத நேர் வீதியில், இன்னொரு காரைச் சரியாக 20 மீற்றர் பின்னால் நிறுத்துங்கள். ரொயோட்டா விட்ஸ் அளவான, 1.7 மீற்றர் அகலக் கார் 3000ஆர் கண்ணாடியில் சுமார் 36 மி.மீ. அகலத்தில் தெரியும். தட்டையில் 50, 1000ஆரில் 23. அந்த அகலத்துக்குக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் இரண்டு சின்ன ரேப் துண்டு ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் கார் இரண்டு துண்டுக்கும் நடுவை நிரப்பினால் 20 மீற்றர். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அது முக்கால் செக்கனும் இல்லை. யோசிக்க நேரமில்லை; அடுத்த நேர்ப்பாதையில் கை காட்ட வேண்டியதுதான்.

கை காட்டும் ஒழுங்கு இப்படி. வளைவை விட்டு வெளியே வந்து ஸ்ரியரிங் நேரானதும் உள்கண்ணாடியில் ஒரு பார்வை. கார் நெருங்கி இருந்தால் வலக்கை யன்னலுக்கு வெளியே. யன்னல் திறந்திருக்க வேண்டும். வலப்பக்கத்தால் போகச் சொல்வதென்றால் கை வலப்பக்கம் நீட்டி. இடப்பக்கத்தால் என்றால் கூரைக்கு மேலால் இடப்பக்கம் காட்டி. ஒரு கைக்கு ஒரு கார்: பின்னால் மூன்று நின்றால் மூன்று தரம் காட்ட வேண்டும். கை காட்டியதும் எக்ஸலேட்டரில் இருந்து காலை எடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள், பாதையை மாற்றாதீர்கள்.

காலை எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? முன் கார் 100இல், பின் கார் 120இல் வருகிறது. இடைவெளி 20 மீற்றர், இரண்டு காரின் நீளம் 8, கடந்தபின் விட வேண்டியது 10. மொத்தம் 38 மீற்றரைப் பின் கார் கூடுதலாக ஓட வேண்டும். இதற்கு ஏழு செக்கன், 228 மீற்றர் பாதை வேண்டும். முன்னவர் காலை எடுத்து வேகம் 80க்கு இறங்கினால் மூன்றரைச் செக்கன், 114 மீற்றர். 400 மீற்றர் நேர்ப்பாதையில் கடைசி நூறு பிரேக்குக்குப் போனால், காலை எடுக்காத ஒருவர் முதல் எழுபது மீற்றருக்குள் கை காட்டியாக வேண்டும். கை காட்டிவிட்டு எக்ஸலேட்டரையும் மிதிக்கிறவர்கள்தான் இரண்டு காரையும் ஒரே வளைவுக்குள் பக்கம் பக்கமாகக் கொண்டுபோய் விடுகிறவர்கள். கார் வைத்திருப்பவர்களின் ரோசம் என்று சொல்லலாம். வேகமான கார், மெதுவான சாரதி என்றால் ரோசம் இரட்டிப்பு.

முந்துகிறவருக்கும் கடமை உண்டு. முன்னவர் கை காட்டுவதைக் காணாமல் முந்தக்கூடாது. பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன் முடிக்க முடியாவிட்டால் விட்டுவிட்டுப் பின்னுக்கு வர வேண்டும். நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான கார் நிற்கிறது, அடுத்த நேர்ப்பாதையில் விடு என்று பொருள். மஞ்சளில் யாரும் யாரையும் முந்தக்கூடாது, கை காட்டினாலும்கூட. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் பின்னால் யார் என்று பார்த்தபடி பிற்றுக்கு, அதாவது கார்கள் நிறுத்தும் பக்கப் பாதைக்கு வருவது. கண்ணாடியைப் பார்க்காமல் திடீரென்று பிரேக் மிதிப்பதுதான் சிவப்புக் கொடியில் நடக்கும் பிழை.

வன்னியிலிருந்து இறங்குகிறவர்கள் போகக்கூடியது களுத்துறைக்குக் கிட்ட, பழைய விமானத் திடலில் அமைந்த கட்டுக்குருந்தை தார்த் தடத்துக்கு. இவ்வளவு தூரம் ஓடிப் போய் இறங்கும்போது கிரவல் புழுதி கண்ணாடி முழுக்கப் படிந்திருக்கும். கண்ணாடியா அக்ரிலிக் பிளாஸ்டிக்கா என்று அப்போதுதான் தெரியும்: அக்ரிலிக் லேசில் உடையாது, ஆனால் வறண்ட துணியால் இரண்டு தரம் துடைத்தாலே கீறல் விழும், வெயிலில் உருவம் நெளியும். கண்ணாடியே நல்லது, ஆனால் நாலு பக்கமும் சட்டம் போட்டதாக இருக்க வேண்டும். எதுவானாலும் முதலில் தண்ணீர், பிறகு துணி. நீல நிறம் பூசியது இரவில் பின்னால் வரும் லைட்டின் கூச்சத்தைக் குறைக்கும், பின்னேர மங்கலில் சாம்பல் நிறக் காரை விழுங்கிவிடும். கடைக்காரர் அதுதான் புதிய மாதிரி என்பார். நிறமில்லாததைக் கேட்டு வாங்குங்கள்.