மருந்துக் கடையிலிருந்து நர்சிங்குக்கு: ஒரு சேர்க்கை ஆலோசனை மையத்தைப் பற்றிய மதிப்பீடு

வத்தலக்குண்டில் ஒரு மருந்துக் கடையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 2019-இல் பன்னிரண்டாம் வகுப்பை உயிரியல் பிரிவில் முடித்த கையோடு மாதம் 5,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். இன்று வாங்குவது 9,500 ரூபாய். அட்டையிலிருந்து மூன்று மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி அச்சிட்ட பக்கம் கடையிலேயே தங்குமாறு வெட்ட வேண்டும் என்பது முதல், எந்த மருத்துவரின் எழுத்தில் எது எந்த மருந்து என்பது வரை அனைத்தையும் கற்றுக்கொண்டேன். இனிக் கற்பதற்கும், சம்பளம் உயர்வதற்கும் அங்கே பெரிதாக எதுவும் இல்லை. சென்ற ஆண்டு இறுதியில், இன்சுலின் பேனாவை வாங்கிய முதியவர் ஒருவர் கல்லாவுக்கு எதிரேயே சட்டையைத் தூக்கி, "இதை எங்கேம்மா குத்தணும்?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துக் காட்டியதற்கு மேல் எதையும் செய்ய எனக்குப் பயிற்சியும் இல்லை, உரிமையும் இல்லை. நர்சிங் படிக்கலாமா என்ற யோசனை அன்றுதான் தொடங்கியது. அந்த யோசனையுடன் மதுரையில் உள்ள ஒரு கல்விச் சேர்க்கை ஆலோசனை மையத்துக்கு மார்ச் மாதத்தில் இரண்டு முறை சென்று வந்தேன். கைக்காசைச் செலவழித்தே தெரிந்துகொண்டதால், அவர்களின் சேவையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர்களிடம் கண்ட நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என்னையும் அப்பாவையும் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார்கள். துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். என்பது இரண்டாண்டுப் படிப்பு, பொதுச் செவிலியருக்கான ஜி.என்.எம். மூன்றாண்டு டிப்ளமோ, பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் பட்டம் என்ற வேறுபாட்டை அப்பாவுக்குப் புரியும்படி விளக்கினார்கள். இருபத்து நான்கு வயதாகிவிட்டதே என்று நான் தயங்கியபோது, ஜி.என்.எம். படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி 35 வயது வரை சேரலாம் என்றார்கள். அது உண்மைதான் என்று பிறகு சரிபார்த்துக்கொண்டேன். கடைக்கு வரும் எவரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை என்பதால், அந்த முக்கால் மணி நேரத்துக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை.

பேச்சு பணத்துக்கு வந்தவுடன் அந்தத் தெளிவு மறைந்துவிட்டது. தாங்கள் பரிந்துரைத்த கல்லூரியின் மூன்றாண்டு ஜி.என்.எம். கட்டணமாக, ஆலோசகர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "85,000 x 3" என்று எழுதி, அடியில் கோடு போட்டு, 2,55,000 என்று முடித்துவிட்டார். விடுதி, சாப்பாடு, சீருடை, தேர்வுக் கட்டணம், மருத்துவமனைப் பயிற்சிக்குச் சென்று வரும் பேருந்துச் செலவு ஆகிய எதுவும் அந்தத் தாளில் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக நான் கேட்டபோது, "அதெல்லாம் சின்னச் சின்னதுதான் மேடம்" என்றார். மறுநாள் அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கு நானே தொலைபேசியில் பேசியதில், அந்தச் சின்னச் சின்னது ஆண்டுக்கு 70,000 ரூபாய் என்று தெரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டாயம் வரும் என்றும் அவர் உறுதி கூறினார். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்காக வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்குப் பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. நானோ எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தவள். எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால் போதும்.

இரண்டாவது சந்திப்பில் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. செலவைக் கேட்டு அப்பாவின் முகம் வாடியதைக் கவனித்த ஆலோசகர், மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு துண்டுப் பிரசுரத்தை எடுத்தார். ஓர் அறக்கட்டளை நடத்தும் இரண்டாண்டு "டிப்ளமோ இன் நர்சிங்" அது. ஆண்டுக்கு 35,000 ரூபாய், விடுதி தேவையில்லை, வாரத்தில் நான்கு நாள்தான் வகுப்பு, கடை வேலையையும் விட வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கென்றே தைத்த சட்டை போல இருந்தது. எங்கள் கடைக்கு மருந்து வாங்க வரும் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஒருவர், "படிச்சு முடிச்சா கவுன்சில்ல பேரு பதிவாகுமா, அதை முதல்ல கேளும்மா" என்று முன்பே சொல்லியிருக்காவிட்டால் அன்றே முன்பணம் கட்டியிருப்போம். நான் கேட்டேன். "பிரைவேட் ஹாஸ்பிடல்ல அதெல்லாம் கேக்க மாட்டாங்க மேடம்" என்பதுதான் கிடைத்த பதில்.

அந்தப் பதிலின் பொருளை இதைப் படிக்கும் தங்கைகள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த அக்கா சொன்ன கவுன்சிலான தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டவர் மட்டுமே சட்டப்படி பதிவு பெற்ற செவிலியர். பதிவு இல்லாதவர் வெள்ளைச் சீருடை அணிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும், எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுக்குச் செவிலியராகவும் செல்ல முடியாது. எங்கள் ஊர் வங்கியில் கல்விக் கடன் பற்றி விசாரித்தபோதும் இதே கதைதான். 4 லட்ச ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்று விளக்கிய அதிகாரி, அறக்கட்டளையின் பிரசுரத்தைப் பார்த்தவுடன், "இதுக்கு லோன் கிடையாதும்மா, கவுன்சில் அங்கீகாரம் இருக்கிற படிப்பா இருக்கணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மலிவான படிப்பு என்று காட்டப்பட்டதற்குக் கடனும் இல்லை, பதிவும் இல்லை.

இனி, அந்த மையம் கடைசிவரை எனக்குப் போட்டுக் காட்டாத கணக்கு. ஜி.என்.எம். படிக்க வேலையை விட்டால், மூன்று ஆண்டில் நான் இழக்கும் சம்பளம் மட்டும் 3,42,000 ரூபாய். கல்லூரிக்கும் விடுதிக்கும் 4,65,000 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது. கடன் வாங்கினால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். படித்து முடித்து வெளியே வந்தால் எங்கள் பகுதிச் சிறு மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் 14,000 ரூபாய் என்று நான் விசாரித்த இரண்டு செவிலியர்கள் சொன்னார்கள். இப்போதைய சம்பளத்தைவிட 4,500 ரூபாய்தான் கூடுதல். இழந்த சம்பளத்தை மட்டும் மீட்கவே அந்த வேகத்தில் ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். 2016-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. அரசு வேலையிலும் 2015-இல் தேர்வு வாரியம் வழியாக வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். பல போராட்டங்களுக்குப் பிறகே அந்த ஊதியம் படிப்படியாக 18,000 ரூபாயாயிற்று. "சேர்ந்தவுடன் 25,000" என்று மையத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் வாசகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் எனக்கு நர்சிங் வேண்டாம் என்று தோன்றவில்லை. மருந்துக் கடையில் பத்தாம் ஆண்டிலும் நான் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பேன். பதிவு பெற்ற செவிலியருக்கோ இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பெரிய மருத்துவமனை, அரசுப் பணி, அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக வெளிநாடு என்று வழிகள் திறக்கின்றன. ஆகவே படிப்பது சரி, எட்டு லட்சத்துக்குப் படிப்பதுதான் சரியல்ல என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேர்வு தேவையில்லை; மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே அரசுக் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் நிரப்புகிறது. முக்கால் மணி நேரம் பேசிய ஆலோசகர் இந்தக் கலந்தாய்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதில் அவருக்குக் கமிஷன் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சான்றிதழ் விஷயத்தையும் குறிப்பிட வேண்டும். "இடம் பிடித்து வைக்க" என்று சொல்லி முதல் நாளே 2,000 ரூபாயையும் என் அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார்கள். கல்லூரிகளே அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்க, இடையில் இருக்கும் ஒருவர் எந்த உரிமையில் வாங்குகிறார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. திரும்பக் கேட்டபோது ஒன்பது நாள் அலைய விட்டார்கள். கடைசியில், ரப்பர் பேண்டு போட்ட சான்றிதழ்க் கட்டு ஒன்றிலிருந்து என்னுடையதை உருவித் தந்தார்கள்; அந்தக் கட்டில் முப்பது நாற்பது பேருடையதாவது இருக்கும். 2,000 ரூபாய் வரவில்லை, ரசீதும் தரவில்லை.

விளக்கம் சொன்ன பொறுமைக்காக ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தருகிறேன். படிப்புகளின் பெயரும் வேறுபாடும் தெரியாதவர்கள் போய்க் கேட்டுவிட்டு வரலாம், ஆனால் சான்றிதழின் நகலை மட்டும் கையில் கொண்டுபோக வேண்டும். நான் கலந்தாய்வு அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன். இட ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும்வரை கடை வேலையை விடுவதாக இல்லை. சென்ற வாரம் மையத்திலிருந்து மறுபடி அழைத்து, கல்லூரியில் கடைசி இரண்டு இடம்தான் மீதம் இருக்கிறது என்றார்கள். மார்ச் மாதத்திலும் அதே இரண்டு இடம்தான் மீதம் இருந்தது.